பதின்மூன்றாவது சஹன்

கிண்ணியாவில் கலியாண வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் தலைக்கணக்குச் சொல்ல மாட்டார்கள். "பத்துச் சஹன்" என்பார்கள், கொஞ்சம் வசதியான வீடென்றால் "நாப்பது சஹன்" என்பார்கள். அகன்ற பெரிய தட்டில் புரியாணியைக் குவித்து, மேலே கோழித் துண்டுகளை வைத்து, ஆறு பேர் பாயில் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பதுதான் சஹன். ஆறு பேரும் வந்து இருக்கும் வரை மூடியைத் திறக்க மாட்டார்கள். ஐந்து பேர் பசியோடு ஆறாவது ஆளுக்காகக் காத்திருக்கும் அழகை அங்கேதான் பார்க்கலாம். இந்த ஊரில் மனிதர்கள் ஆறாறாகவே பிறக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் ஒருவர் நினைத்துக்கொண்டால், அவரில் பிழை சொல்ல முடியாது.

பஹ்மியாவும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எண்ணிப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம் மகளின் கலியாணத்தில் அவளுடைய கூடப்பிறந்த தங்கையைப் பறித்துக்கொண்டது.

மூன்று வருடங்களுக்கு முந்திய கதை அது. பெண்கள் பக்கம் பதினைந்து சஹன் என்று முடிவு செய்து, பதினைந்து சஹனுக்கும் ஆட்களை இருத்தியாயிற்று. காலையிலிருந்து மணமகளுக்குச் சேலை உடுத்தி, பூ வைத்து, பின்னூசி குத்திக் களைத்துப்போன தங்கை ரபீக்கா கடைசியாகக் கூடத்துக்கு வந்தாள். எங்கும் இடமில்லை. பரிமாறிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி நல்ல மனதோடுதான் ஒரு முழுச் சஹனைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தாள். ஆறு பேருடைய சோற்றுக்கு முன்னால் ஒருத்தி. ரபீக்கா மற்ற ஐந்து பேர் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். அவள் மூடியை ஒழுங்காக மூடினாள், எழுந்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து ஜமாலியாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பஹ்மியாவுக்கு இது தெரியவே தெரியாது. விருந்தாளிகள் எல்லாரும் போனபிறகு, வழக்கம்போல வீட்டுப் பெண்கள் கடைசிச் சஹனில் இருந்தார்கள். பஹ்மியா, அவளுடைய மாமி, புருசனின் தங்கை ரிஸ்னா, குசினியில் உதவிக்கு நின்ற பக்கத்து வீட்டுச் சகோதரிகள் இரண்டு பேர், ஆக ஐந்து பேர்தான். ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்ததால் பஹ்மியா தண்ணீர்ச் செம்பை அந்த இடத்தில் வைத்தாள். பாதிச் சாப்பாட்டில்தான் ஒருத்தி வாயைத் திறந்து சொன்னாள், ரபீக்கா சாப்பிடாமல் போனதை.

அதற்குப் பிறகு தங்கை இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. "எண்ட ராத்தாட வீட்டுல எனக்கு ஒரு சஹனில இடமில்ல" என்று அவள் சொன்னது ஊர் முழுக்கச் சுற்றி, கடைசியில் பஹ்மியாவின் காதுக்கும் வந்தது. அந்தச் சொல் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகவே இருந்தது.

இப்போது மகன் நஸ்ரியின் வலீமா, மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கலியாண விருந்து. பஹ்மியா தானே ஜமாலியாவுக்குப் போய், தங்கையின் வாசலில் நின்று அழைத்தாள். ரபீக்கா தேத்தண்ணீர் கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. புறப்படும்போது மட்டும் சொன்னாள்.

"நஸ்ரிக்காக வாறன் ராத்தா. ஆனா அண்டைக்குப் போல என்னத் தனிய இருத்தினீங்கண்டா, ஆரும் செத்து மையத்துக் கிடந்தாலும் நான் இந்தப் பாலத்தால வரமாட்டன்."

"இருத்த மாட்டன். சத்தியமா இருத்த மாட்டன்" என்றாள் பஹ்மியா.

சத்தியம் செய்து விட்டாளே தவிர, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணக்கு என்றால் பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு ஆகாது. அதற்காகத்தான் வலீமா அன்று விடியவே ரிஸ்னாவைப் பிடித்துக்கொண்டாள்.

ரிஸ்னாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். ஆட்களுக்குக் குணம் சொல்வதுபோல எண்களுக்குக் குணம் சொல்லுவாள். பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் லொறியின் இலக்கத் தகட்டைப் பார்த்து, "பாருங்க மதினி, இது பதினேழால பிரியுது, முகத்தப் பார்த்தாத் தெரியுமா?" என்பாள். அவளோடு கடைக்குப் போனால் முட்டை வாங்குவதற்குள் பொழுது போய்விடும். வீட்டில் அவளைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் பஹ்மியாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு வியப்பு எப்போதும் உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணைப் பார்க்கும் இடத்தில் இந்தப் பெண் ஏதோ வீட்டின் உள்ளறையையே பார்த்துவிடுகிறாள், தனக்கு அந்தக் கண் வாய்க்கவில்லையே என்று பல தடவை நினைத்திருக்கிறாள்.

அன்று காலை பஹ்மியா வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தொதல் என்னும் இனிப்புத் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. ரிஸ்னா வந்து இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தாள்.

"இப்ப அடுக்குங்க பாப்பம், எல்லா வரிசையும் சரியா வாறமாதிரி."

பஹ்மியா இரண்டாக அடுக்கினாள், மூன்றாக அடுக்கினாள், நான்காக அடுக்கினாள். எப்படி வைத்தாலும் ஒரு துண்டு மூலையில் தனியாக முழித்துக்கொண்டு நின்றது.

"ஏலாதுடி இது!"

"ஏலாதுதான். இது பதின்மூண்டு. ஒரே நீட்டு வரிசையா நிப்பாட்டலாம், வேற ஒண்டும் செய்யேலா. இதத்தான் முதன்மை எண் எண்டு சொல்லுற. ஒண்டாலயும் தன்னாலயும் மட்டுந்தான் பிரியும், வேற ஆருக்கும் மசியாது." சொல்லிவிட்டு அந்தப் பதின்மூன்றாவது துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "இப்பப் பாருங்க, பன்னிரண்டு. ரெண்டு, மூண்டு, நாலு, ஆறு, எல்லாருக்கும் தலையாட்டும்."

பஹ்மியா சிரித்தாலும் அந்த மூலைத் துண்டு அவள் மனதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு அது தொதலாகத் தெரியவில்லை.

பெண்கள் பக்கம் பன்னிரண்டு சஹன், வீட்டுப் பெண்களுக்கு ஒன்று, மொத்தம் பதின்மூன்று. இதுதான் ஏற்பாடு. பன்னிரண்டு சஹனுக்கு எழுபத்திரண்டு பேர். அந்த எழுபத்திரண்டில் ரபீக்காவையும் சேர்த்தே பஹ்மியா அழைப்புச் சொல்லியிருந்தாள். கட்டாரில் இருக்கும் மகள் கைக்குழந்தையோடு வர முடியாமல் போனது கவலைதான் என்றாலும், கணக்கு மாறாமல் இருந்தது என்று ஒரு ஆறுதல். இந்த முறை ஆறு ஆறாக எல்லாரும் பொருந்துவார்கள், ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூடத்தில் பன்னிரண்டு பாய் விரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மூடிய சஹன் வைத்தாயிற்று. ரிஸ்னா வாசலில் நின்று, தலைகளை எண்ணாமல் செருப்புகளை எண்ணினாள். "ஆட்கள் அங்கயும் இங்கயும் நடக்கும், செருப்பு நடக்காது" என்பது அவளுடைய நியாயம். வளர்ந்த பெண்களின் செருப்பை மட்டும் எண்ணி, வந்ததை இரண்டால் பிரித்தாள். பிரித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு குசினிக்கு வந்து பஹ்மியாவின் காதுக்குள் சொன்னாள்.

"மதினி, எழுபத்திரண்டு பேர் வந்துட்டாங்க."

"நல்லதுதானே, அதுக்கேன் முகம் இருண்டு போய்க் கிடக்குது?"

"ரபீக்கா இன்னும் வரல்ல."

மூதூரிலிருந்து வந்த வேனில் அழைக்காத ஒருவர் கூடுதலாக வந்துவிட்டார். கலியாணத்துக்கு வந்த மனிசியைத் திரும்பிப் போ என்று சொல்வதா? ரபீக்காவோடு எழுபத்திமூன்று. பாலத்தில் வாகன நெரிசல், ஓட்டோவில் வந்துகொண்டிருக்கிறேன் என்று தங்கை அப்போதுதான் போனில் சொல்லியிருந்தாள். அன்றைக்குப் போலவே கடைசியாக, எல்லாரும் இருந்தபிறகு வரப்போகிறாள்.

பஹ்மியா சண்டைக்கு நிற்பவள் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சரி, ஆறு சரிவராட்டி அஞ்சஞ்சா இருத்துவம். வெறும் தட்டு இன்னும் இரிக்கு, சோத்தப் பிரிச்சு வைப்பம்."

"மூண்டு பேர் மிஞ்சுவாங்க."

"நாலு நாலா?"

"ஒரு ஆள் மிஞ்சும்."

"ஏழேழா நெருக்கி இருத்தினா?"

"திரும்பவும் மூண்டு."

"எட்டு?"

"ஒண்டு. வேணாம் மதினி, மினக்கெடாதீங்க. எழுபத்திமூண்டு முதன்மை எண். காலையில பாத்த தொதல்தான் இது. எதால பிரிச்சாலும் ஆராவது மூலைக்குப் போவாங்க."

"அப்ப ஒரு பாயில மட்டும் ஏழு பேரை இருத்துவம்!"

"இருத்தலாம். ஆனா ஏழாவது ஆள் ஆரெண்டு அந்தப் பாயில உள்ள எல்லாருக்கும் தெரியும். ரபீக்காவுக்கும் தெரியும்."

அது உண்மை. கோழித் துண்டு ஆறு இருக்கும் தட்டில் ஏழாவதாக ஒடுங்கி இருப்பதும் ஒன்றுதான், தனியாக இருப்பதும் ஒன்றுதான். அதற்குள் பஹ்மியாவின் புருசன் இஹ்ஸான் வேறு திரைச்சீலைக்கு அப்பால் நின்று, "எங்கட பக்கம் சாப்பிடத் தொடங்கியாச்சு, உங்கட பக்கம் என்ன சுணக்கம்?" என்று சத்தம் போட்டார். அவர் சொல்லி முடிக்கவில்லை, பசித்த பெண்கள் தாங்களாகவே பாய்களில் இருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறு, ஆறு, ஆறு என்று பன்னிரண்டு பாயும் நிறைந்தது. கைகழுவத் தண்ணீர் சுற்றி வந்தது. பிஸ்மி சொல்லி மூடிகள் திறந்தன. கைகழுவி பிஸ்மி சொன்ன ஆளை எழுப்பி இடம் மாற்ற இனி ஒருவராலும் முடியாது.

"அப்ப எண்ட தங்கச்சி மிச்சமா?" என்றாள் பஹ்மியா. "நீ இவ்வளவு படிச்சு என்னத்துக்கடி? உண்ட முதன்மை எண்ணத் தூக்கிக் கடலில போடு!"

ரிஸ்னா கோபிக்கவில்லை. அவள் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"கடலில போடுற சாமான் இல்ல மதினி அது. அதுக்கு ஒரு நல்ல குணம் இரிக்கு, கேளுங்க. மூண்டுக்கு மேல எந்த முதன்மை எண்ண எடுத்து ஆறாறா இருத்தினாலும், ரெண்டு பேர் மிஞ்ச மாட்டாங்க, மிஞ்சினா அது ரெண்டால பிரிஞ்சிடும். நாலு மிஞ்சினாலும் அப்படித்தான். மூண்டு மிஞ்சினா மூண்டால பிரிஞ்சிடும். அப்ப என்ன மிச்சம்? ஒண்டு, இல்லாட்டி அஞ்சு. ஒரு ஆள் கூட, இல்லாட்டி ஒரு ஆள் குறைய. எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் சரி, ஆறுட வாசலில இருந்து ஒரு அடிக்கு மேல தள்ளிப் போகாது. எனக்கு அத நினைக்கிற நேரமெல்லாம் புல்லரிக்கும்."

அடுப்புப் புகைக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவில் நின்ற பஹ்மியாவுக்கும் புல்லரித்தது. அவள் விரலை மடித்துப் பார்த்தாள். ஆறுக்குப் பக்கத்தில் ஐந்தும் ஏழும். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் பதினொன்றும் பதின்மூன்றும். பதினெட்டுக்குப் பக்கத்தில் பதினேழும் பத்தொன்பதும். யாருக்கும் மசியாத முரட்டு எண்கள் எல்லாம் ஆறின் வாசலில் ஒரு அடி தள்ளி, உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று நிற்பதுபோல இருந்தது. இத்தனை வருடமாகச் சஹன் சஹனாக எண்ணிய ஊரில் இருந்துகொண்டு இதை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று வியந்தாள். அந்த நிமிடம் அவளுக்கு ரிஸ்னாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட வேண்டும்போல இருந்தது.

"எழுபத்திமூண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"ஒண்டு கூடின பக்கம்."

பஹ்மியா குசினியைச் சுற்றிப் பார்த்தாள். மாமி கதிரையில் இருந்து வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சகோதரிகள் இருவரும் மறுசோறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு ரிஸ்னாவும் அவளும். மூலையில் பதின்மூன்றாவது சஹன் துணி போர்த்தி இருந்தது.

"நாங்க அஞ்சு பேர்" என்றாள் பஹ்மியா. "அஞ்சு எந்தப் பக்கம்?"

"ஒண்டு குறைஞ்ச..." ரிஸ்னா பாதியில் நிறுத்தினாள். அவளுடைய வாய் திறந்தபடியே இருந்தது. "மதினி! நான் முன்வாசல் செருப்ப மட்டுந்தானே எண்ணினனான். குசினி வாசலில கிடக்குற எங்கட செருப்ப நான் எண்ணவே இல்ல."

"நானும் எண்ணல்ல. அண்டைக்கும் எண்ணல்ல" என்றாள் பஹ்மியா.

அன்றைக்கு அவள் செய்த பிழை என்னவென்று அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. இடம் ஒன்று குறைந்ததை இத்தனை காலமும் பிழை என்று நினைத்திருந்தாள். பிழை அதுவல்ல. காலையிலிருந்து மணமகளை அலங்கரித்த தன் தங்கையை அவள் விருந்தாளியாக எண்ணியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வீட்டுச் சஹனில் இருந்தார்கள், ரபீக்கா இருக்கவில்லை. இன்றைக்கும் அதே பிழையைச் செய்துவிட்டு, ஐந்தாலும் ஏழாலும் பிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை. வெளியே ஓட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ரபீக்கா புது அபாயாவோடு, கையில் பரிசுப் பெட்டியோடு முன்வாசலில் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். பன்னிரண்டு பாயும் நிறைந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. கழற்றிய செருப்பைக் கால் திரும்பவும் தேடியது.

பஹ்மியா ஈரக் கையோடு ஓடி வந்தாள். எப்படிச் சொல்வது என்று யோசிக்க முடியவில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"உனக்கு இங்க இடமில்ல ரபீக்கா."

கூடத்தில் பத்துப் பேருடைய கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"இது விருந்தாளிகள்ட இடம்" என்றாள் பஹ்மியா, தங்கையின் செருப்பைக் குனிந்து தன் கையில் எடுத்துக்கொண்டு. "நீ விருந்தாளியில்ல. அண்டைக்கும் இல்ல. நாங்க பின்னால அஞ்சு பேர் இரிக்கிறம், எங்கட சஹனில ஒரு ஆள் குறையுது. நீ வராட்டி நாங்க மூடியத் துறக்க மாட்டம். எனக்கு இது விளங்க மூண்டு வருசம் போச்சு, என்ன மன்னிச்சுக்க."

ரபீக்கா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கையில் தன் செருப்பு தொங்குவதைப் பார்த்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க மணமகனின் தாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு அவளுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றாகவே வந்திருக்க வேண்டும்.

"மூண்டு வருசமா?" என்றாள் கடைசியில். "நீங்க எப்பவுமே கணக்கில மொக்குத்தானே ராத்தா. செருப்ப இஞ்ச தாங்க, ஆக்கள் பாக்கிறாங்க."

செருப்பை வாங்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய், குசினி வாசலில் கிடந்த ஐந்து சோடிகளுக்குப் பக்கத்தில் தானே வைத்தாள். பரிசுப் பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றினாள், அபாயாவைக் கழற்றி ஆணியில் கொழுவினாள். "ஆரு இந்த அச்சாறக் கிண்ணத்தில வச்சது? உப்புப் பாத்தீங்களா?" என்று கேட்டபடி கரண்டியைக் கையில் எடுத்தாள். அதன் பிறகு குசினி அவளுடைய கையில்தான் இருந்தது. மறுசோறு எந்தப் பாய்க்குப் போக வேண்டும், வட்டிலப்பம் எப்போது போக வேண்டும் என்று அவள் போட்ட அதட்டலில் மாமிகூட எழுந்து ஒதுங்கி நின்றார். பஹ்மியாவுக்கு அந்த அதட்டல் ஒவ்வொன்றும் தேனாக இனித்தது.

விருந்தாளிகள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். முன்வாசலில் ஒரு செருப்பும் மிஞ்சவில்லை. ரிஸ்னா போய்ப் பார்த்துவிட்டு வந்து, எழுபத்திமூன்றோடு ஐந்தைக் கூட்டினால் எழுபத்தெட்டு, அது பதின்மூன்று ஆறு என்று மாமிக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினாள். ஒன்று கூடியவரும் ஒன்று குறைந்தவரும் சந்தித்தால் இப்படித்தான் சரியாக வரும் என்றாள். மாமி, "ஓம் ஓம், முதல்ல சாப்பிடு" என்றார்.

பதின்மூன்றாவது சஹனைப் பாயின் நடுவில் வைத்தார்கள். சோறு சூடாறித்தான் போயிருந்தது. மாமி இருந்தார், ரிஸ்னா இருந்தாள், பக்கத்து வீட்டுச் சகோதரிகள் இருந்தார்கள், பஹ்மியா இருந்தாள். கை பழகிய பழக்கத்தில், கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை அவள் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் வைத்துவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்த ரபீக்கா அதைப் பார்த்து நின்றாள்.

"இத எங்க வைக்கிற, ராத்தா?"

பஹ்மியா அந்தச் செம்பைப் பார்த்தாள். மகளின் கலியாணத்தன்றும் இதே செம்புதான், இதே பக்கம்தான். தங்கை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, அவளுக்கு எங்கே இடம் என்று கூடமெல்லாம் தேடியிருக்கிறாள். அவசரமாக அதை எடுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். செம்பிலிருந்து தண்ணீர் சிந்திக் கலியாணச் சேலை நனைந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ரபீக்கா இருந்தாள். ரிஸ்னா மூடியைத் திறந்தாள்.